மெரிட் ஸ்காலர்ஷிப் கிடைக்கவில்லை: முழுக் கட்டணமா, கவுன்சலிங்கா, காத்திருப்பதா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு, பொறியியலுக்கு விண்ணப்பித்த பல வீடுகளுக்கு ஒரு மின்னஞ்சல் வரும். சேர்க்கை உறுதி, வாழ்த்துகள் என்று மேலே இருக்கும். கீழே கட்டண அட்டவணை. அதில் ஸ்காலர்ஷிப் என்ற வரிக்கு எதிரே சைபர். பாதிக் கட்டணமாவது குறையும் என்ற நம்பிக்கையில்தான் அந்தத் தனியார் பல்கலைக்கழகத்துக்கே விண்ணப்பித்திருப்பார்கள். இப்போது சீட் கையில் இருக்கிறது, பணத்துக்குத்தான் வழி தெரியவில்லை. முன்பணம் கட்டக் கடைசித் தேதி வேறு நெருங்கிக்கொண்டிருக்கும்.

ஒரு பொதுத்துறை வங்கியில் கல்விக் கடன் மேசையில் நெடுநாள் உட்கார்ந்தவன் நான். இந்த மின்னஞ்சலின் பிரிண்ட் அவுட்டை எத்தனையோ அப்பாக்கள் என் முன்னால் வைத்திருக்கிறார்கள். அவர்கள் முன்னால் இருந்த வழிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். நடுநிலையாக எழுதப் போவதில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் மனக்காயத்தை ஆற்றுவதற்காக அவசரத்தில் எடுக்கிற முடிவுதான் இருக்கிற வழிகளிலேயே விலை கூடியது என்பது என் கட்சி.

காயம் உண்மையானது. "உன் பொண்ணுக்கு எத்தனை பர்சென்ட் ஸ்காலர்ஷிப்?" என்று கேட்கிற சொந்தக்காரர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. கேட்கிறவர் மறந்துவிடுவார், பிள்ளைக்கு மறக்காது. 560 மார்க் வாங்கிய பெண் தன்னை மக்கு என்று நினைக்க ஆரம்பித்துவிடுவாள். அதனால் அந்த ஸ்காலர்ஷிப் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிவிட வேண்டும். தனியார் பல்கலைக்கழகங்கள் தங்கள் நுழைவுத் தேர்வு ரேங்கையோ பிளஸ் டூ மார்க்கையோ வைத்து 100, 75, 50, 25 சதவீதம் என்று அடுக்கு வைத்திருக்கும். ஒவ்வொரு அடுக்குக்கும் வரம்பு உண்டு. அந்த வருடம் யார் யார் எழுதினார்கள், எந்தப் பிரிவில் கூட்டம் அதிகம் என்பதைப் பொறுத்துக் கோடு மேலேயோ கீழேயோ போகும். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அடித்துப் பிடித்து ஆள் வரும்போது தள்ளுபடி கொடுக்க அவர்களுக்கு என்ன அவசியம்? ஆடித் தள்ளுபடியில் எந்தச் சேலைக்கு எவ்வளவு குறைப்பது என்று கடைக்காரர் கணக்குப் போடுவதைப் போன்ற வியாபாரக் கணக்கு இதில் பாதி. கோட்டுக்குக் கீழே நின்ற பிள்ளையின் மூளை நேற்று எப்படி இருந்ததோ அப்படியேதான் இன்றும் இருக்கிறது.

இன்னொன்று: பெரும்பாலும் இந்தச் சலுகை டியூஷன் கட்டணத்துக்கு மட்டும்தான். ஹாஸ்டல், மெஸ், தேர்வுக் கட்டணம் எல்லாம் முழுசாகவே கட்ட வேண்டும். அடுத்த வருடமும் தொடர வேண்டுமானால் குறிப்பிட்ட சி.ஜி.பி.ஏ. (எல்லா செமஸ்டருக்குமான சராசரி மதிப்பெண் புள்ளி) எடுக்க வேண்டும், அரியர் இருக்கக் கூடாது என்று நிபந்தனை இருக்கும். ஸ்காலர்ஷிப் கிடைத்து, இரண்டாம் வருடத்தில் அதை இழந்து, கூடுதல் கடன் கேட்டு வந்த குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் நிலைமை இன்னும் சங்கடமானது. பிள்ளை பாதியில் இருக்கும், திரும்பிப் போக வழி இருக்காது.

சரி, கணக்குக்கு வருவோம். உதாரணத்துக்கு, டியூஷன் வருடம் 2.5 லட்சம், ஹாஸ்டலும் மெஸ்ஸும் 1.2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 3.7 லட்சம், நான்கு வருடத்துக்கு 14.8 லட்சம். எதிர்பார்த்த 50 சதவீதம் கிடைத்திருந்தால் 9.8 லட்சம். கிடைத்து, முதல் வருடத்தோடு பறிபோயிருந்தால் 13.55 லட்சம். இந்தப் பக்கம், பிளஸ் டூ மார்க் வரிசைப்படி இடம் ஒதுக்குகிற அரசுக் கவுன்சலிங் வழியாக ஒரு சுயநிதிக் கல்லூரியில், வீட்டிலிருந்து போய்வருகிற தூரத்தில் சேர்ந்தால், பஸ், புத்தகம், இதரக் கட்டணம் எல்லாம் சேர்த்து வருடம் ஒரு லட்சம் என்று தாராளமாகவே வைத்தாலும் 4 லட்சம்.

இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஸ்காலர்ஷிப் கிடைத்திருந்தாலும் கவுன்சலிங் சீட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் செலவாகியிருக்கும். 'ஐந்து லட்சம் போச்சே' என்று வீடு புலம்பிக்கொண்டிருக்கிறது. மிச்சம் பத்து லட்சத்தை எங்கிருந்து கொண்டுவருவது என்று அதுவரை யாரும் உட்கார்ந்து யோசித்திருக்க மாட்டார்கள்.

முழுக் கட்டணத்தையும் கடனாக வாங்கி அதே இடத்தில் சேர்வதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. கல்விக் கடன் கிடைக்குமா என்றால், கிடைக்கும். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 4 லட்சம் வரை பிணையும் வேண்டாம், கைப்பணமும் வேண்டாம். 7.5 லட்சத்துக்கு மேல் போனால் வீட்டுப் பத்திரமோ நிலமோ கேட்பார்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள கல்லூரிகளுக்குப் பிணையும் வேண்டாம், ஜாமீன்தாரரும் வேண்டாம். ஆரம்பத்தில் அந்தப் பட்டியலில் 860 நிறுவனங்கள் இருந்தன. தேசியத் தரவரிசையில் முன்னால் நிற்கும் தனியார் பல்கலைக்கழகங்களும் அதில் உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்கு, படிக்கிற காலத்தில் 3 சதவீத வட்டியை அரசு ஏற்கும். ஆனால் அந்த வட்டி மானியம் வருடத்துக்கு ஒரு லட்சம் பேருக்குத்தான். நல்ல திட்டம். ஆனால் பத்திரம் கேட்காத கடனுக்கு மனது சீக்கிரம் துணிந்துவிடுகிறது, அதுதான் எனக்குப் பயம்.

திருப்பிக் கட்டும் கணக்கு இது. வட்டி 10 சதவீதம். படிக்கிற நான்கு வருடமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்டத் தேவையில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்; தனி வட்டிதான், கூட்டு வட்டி கிடையாது. வருடம் 3.7 லட்சமாக வாங்கினால் தவணை தொடங்கும் நாளில் வட்டி மட்டும் ஏறக்குறைய 5.2 லட்சம் சேர்ந்திருக்கும். ஆக 20 லட்சம். பத்து வருடத்தில் அடைப்பதென்றால் மாதத் தவணை 26,400 ரூபாய்க்கு மேல். பதினைந்து வருடம் என்றால் சுமார் 21,500. பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்களில் புதிதாகச் சேர்கிற பட்டதாரிக்கு வருடம் மூன்றரை லட்சம் அளவில்தான் சம்பளம் தொடங்குகிறது. பி.எஃப். போகக் கையில் வருவது அந்தத் தவணைக்கே சரியாகப் போகும். இதையே 4 லட்சம் கடனுக்குப் போட்டால், தவணை தொடங்கும்போது 5.4 லட்சம், பத்து வருடத் தவணை சுமார் 7,100. சென்னையில் மூன்று பேரோடு ரூம் எடுத்துத் தங்கினாலும் கட்டிவிடலாம்.

ஒரு ஜூன் மாதம். லாரி புக்கிங் ஆபீசில் கணக்கெழுதும் ஒருவர் மகளோடு வந்திருந்தார். பிரவுன் கவரிலிருந்து ஒவ்வொரு தாளாக எடுத்து மேசை மேல் வைத்தார். கடைசியாக வந்தது அவர் அப்பா பெயரில் இருந்த வீட்டுப் பத்திரம். பிளாஸ்டிக் உறைக்குள் மடிப்பு கலையாமல் இருந்தது.

"பாப்பா அழுதுகிட்டே இருக்கா சார். எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல, அங்கேயே சேர்த்துடலாம்னு முடிவு பண்ணிட்டோம்" என்றார்.

நான் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "நீ என்னம்மா சொல்ற?"

அவள் பத்திரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு அந்தக் காலேஜ்தான் வேணும்னு இல்ல சார். கிடைக்கலயேன்னுதான் அழுதேன். அப்பாதான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க."

அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. கவுன்சலிங் முடியட்டும், பிறகு வாருங்கள் என்று பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஆகஸ்டில் வந்தார்கள். உதவிபெறும் கல்லூரி ஒன்றில் எலெக்ட்ரிக்கல் கிடைத்திருந்தது. அவர்கள் கேட்ட கடனுக்குப் பத்திரம் தேவைப்படவில்லை.

எல்லா வீட்டிலும் பிள்ளை இப்படிச் சொல்லாது, உண்மைதான். சில பிள்ளைகளுக்கு அந்தக் கல்லூரியேதான் வேண்டும். அப்படியிருந்தாலும் அழுகை அடங்கட்டும் என்று மூன்று நாள் விட்டுவிட்டு, பிறகு இந்தத் தவணைக் கணக்கைப் பிள்ளையின் கையாலேயே போடச் சொல்லுங்கள். கடன் பிள்ளை பெயரில்தான், பெற்றோர் கூட்டுக் கடனாளி. தவணை தவறினால், அடுத்த கடனுக்கு வங்கிகள் பார்க்கிற சிபில் ஸ்கோர் இரண்டு பேருக்கும் அடிபடும். அந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறவருக்குப் பதினெட்டு வயதுதான் ஆகிறது என்பதைப் பெரியவர்கள் மறந்துவிடுகிறோம். பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் நாட்கள் போனால் மட்டும் காலேஜ் பேச்சையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

அப்போ முழுக் கட்டணம் எப்போதுமே தப்பா? இல்லை. கடன் வாங்காமல், ஓய்வுக்கால சேமிப்பைத் தொடாமல் கட்டக்கூடிய வீடு தாராளமாகக் கட்டலாம். இன்னொரு சந்தர்ப்பமும் உண்டு. கட்-ஆஃப் குறைவாக இருந்து, கவுன்சலிங்கில் கிடைக்கக்கூடியது ஆசிரியர் இல்லாத, லேப் பூட்டிக் கிடக்கிற கல்லூரி மட்டும்தான் என்றால், மலிவு என்பதற்காக அங்கே நான்கு வருடத்தைத் தொலைப்பதும் நஷ்டம்தான். அந்த நிலையில் நடுவில் ஒரு வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்: அதே தனியார் பல்கலைக்கழகத்தில் ஹாஸ்டல் இல்லாமல் சேர முடியுமா, கட்டணம் குறைவான வேறு பிரிவு உண்டா என்று.

கவுன்சலிங் வழியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஸ்காலர்ஷிப் ஏமாற்றத்தில் இருக்கிற வீடுகள் அதை இரண்டாந்தரம் என்று ஒதுக்கிவிடுகின்றன. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப். 1794-ல் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., கோவை அரசுத் தொழில்நுட்பக் கல்லூரி (ஜி.சி.டி.) எல்லாம் இந்த ஒரே வரிசையில்தான் வருகின்றன. கோவை பி.எஸ்.ஜி., மதுரை தியாகராசர் போன்ற உதவிபெறும் கல்லூரிகளில் ஒரே வளாகத்துக்குள் சில பிரிவுகள் அரசு உதவி பெறுபவை, சில சுயநிதி. இரண்டுக்கும் கட்டணம் மலைக்கும் மடுவுக்கும். விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்கிற சாய்ஸ் ஃபில்லிங்கில் இதைக் கவனிக்காமல் கல்லூரி பெயரை மட்டும் பார்த்துப் போட்டுவிட்டு, ஒதுக்கீட்டு ஆணை வந்த பிறகு முழிப்பவர்கள் உண்டு. சாதாரண சுயநிதிக் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குக் கட்டண நிர்ணயக் குழு 2017-ல் வைத்த உச்சவரம்பு வருடம் 50,000. தர அங்கீகாரம் பெற்ற பிரிவுக்கு 55,000. அந்தந்த ஆண்டின் கட்டணத்தைச் சேரும்போது ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சலுகைகளும் இந்த வழியில்தான் வந்து சேர்கின்றன. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் டியூஷன் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசே கட்டும், ஆனால் கவுன்சலிங்கில் சேர்ந்தால்தான். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு 2021 முதல் பொறியியலிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு ஹாஸ்டல் கட்டணமும் அரசுடையது. அரசுப் பள்ளி மாணவிகளுக்கு 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண், மாணவர்களுக்கு 2024-ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாதம் ஆயிரம் ரூபாய். ஆயிரம் என்ன பெரிசு என்பவர்கள் பஸ் பாஸ், மதியச் சாப்பாடு என்று கணக்கெழுதிப் பார்த்ததில்லை.

கல்லூரியின் தரத்தை எப்படித் தெரிந்துகொள்வது? விளம்பரப் பலகையில் இருக்கிற பிளேஸ்மென்ட் எண்ணை நான் நம்புவதில்லை. அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளின் செமஸ்டர் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. அது பொய் சொல்லாது. தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்துவதால் அவற்றை அந்தப் பட்டியலை வைத்து எடைபோட முடியாது. அங்கே மூன்றாம் வருடம் படிக்கிற நான்கு பிள்ளைகளிடம் கேன்டீனில் பேசிப் பாருங்கள்.

அதே பல்கலைக்கழகத்திடம் மறுபடி கேட்பதில் தப்பே இல்லை, ஆனால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். கெஞ்சுவதால் எதுவும் நடக்காது. புதிதாக ஒரு தாள் காட்டினால் நடக்கலாம். பிளஸ் டூ விடைத்தாள் நகல் வாங்கி, மறுமதிப்பீட்டில் மார்க் கூடி, அடுத்த அடுக்குக்குள் வந்துவிட்டால் அதை எழுத்தில் அனுப்புங்கள். ஸ்காலர்ஷிப் வாங்கிய சிலர் ஐ.ஐ.டி., என்.ஐ.டி. என்று கிளம்பிப் போவார்கள். அந்த இடம் அடுத்தவருக்கு வருமா என்று கேளுங்கள். முதல் வருட சி.ஜி.பி.ஏ.வை வைத்து இரண்டாம் வருடம் சலுகை தரும் வழக்கம் உண்டா என்பதையும் கேளுங்கள். பதில் மின்னஞ்சலில் வந்தால்தான் கணக்கு. அட்மிஷன் கவுன்டரில் "பார்த்துக்கலாம் சார்" என்று சொன்னதை எந்த வங்கியும் ஆவணமாக ஏற்காது.

ஒரு வருடம் வீட்டிலிருந்து மறுபடி எழுதுவது? ஐ.ஐ.டி., என்.ஐ.டி. நுழைவுத் தேர்வான ஜேஇஇயில் மயிரிழையில் தவறியவருக்குப் பொருந்தும். மெயின் தேர்வைத் தொடர்ந்து மூன்று வருடம் எழுதலாம், அட்வான்ஸ்டை அடுத்தடுத்த இரண்டு வருடம் மட்டும். ஐ.ஐ.டி. கிடைத்தால் வருமானம் 5 லட்சத்துக்குள் இருக்கிற குடும்பத்துக்கு டியூஷனில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி, ஒரு லட்சத்துக்குள் என்றால் முழுத் தள்ளுபடி. ஆனால் தமிழ்நாட்டுக் கவுன்சலிங்குக்காக ஒரு வருடம் காத்திருப்பதில் அர்த்தமில்லை, வீட்டில் இருப்பதால் பிளஸ் டூ மார்க் ஏறிவிடாது. தனியார் ஸ்காலர்ஷிப்புக்காக மட்டும் ஒரு வருடத்தை விடுவது எனக்கு உடன்பாடில்லை. கோச்சிங் கட்டணத்தையும் ஒரு வருடச் சம்பளத்தையும் கூட்டினால், விட்ட தள்ளுபடி தொகை கிட்டத்தட்ட அங்கேயே தீர்ந்துவிடும்.

பொறியியலே வேண்டும் என்று பிடிவாதம் இல்லாதவர்கள் அரசுக் கலை அறிவியல் கல்லூரியையும் யோசிக்கலாம். வருடத்துக்குச் சில ஆயிரங்களில் பி.எஸ்சி. கணிதமோ இயற்பியலோ முடித்து, ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. போனவர்கள் இருக்கிறார்கள். கடன் மேசைக்கு அவர்கள் வருவதே இல்லை, அதனால் எனக்கு அவர்களை அதிகம் தெரியாது.

முன்பணம் ஏற்கெனவே கட்டியாயிற்று, அதற்காகவே சேர்கிறோம் என்பவர்களுக்கு: பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி, அறிவிக்கப்பட்ட சேர்க்கைக் கடைசி நாளுக்குப் பதினைந்து நாளோ அதற்கு முன்போ விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வேண்டும். பரிசீலனைச் செலவாகக் கொஞ்சம் பிடிக்கலாம், அதுவும் 5,000 ரூபாய்க்கு மேல் கூடாது. நாள் தள்ளத் தள்ள 90, 80, 50 சதவீதம் என்று குறையும். கடைசி நாள் தாண்டி முப்பது நாளுக்குப் பிறகு ஒன்றும் கிடையாது. அதற்குப் பிறகு சில கல்வியாண்டுகளுக்கு இன்னும் தாராளமான சுற்றறிக்கைகளும் வந்திருக்கின்றன. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கவும் கூடாது. விலகல் கடிதத்தை மின்னஞ்சலில் தேதியோடு அனுப்பிவிடுங்கள்.

எந்த வழியில் போனாலும், கல்லூரியைச் சாராத உதவித்தொகைகளுக்கான விண்ணப்பம் பெரும்பாலும் சேர்ந்த பிறகுதான் தொடங்கும். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகை இருக்கிறது. பிளஸ் டூவில் தங்கள் போர்டில் 80-வது பெர்சென்டைலுக்கு மேல் எடுத்து, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருப்பவர்களில் வருடம் 82,000 புதியவர்களுக்கு, பட்டப் படிப்பின் முதல் மூன்று வருடம் 12,000 ரூபாய் வீதம். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முதல் வருடம் சேர்கிற மாணவிகளுக்குப் பிரகதி, வருடம் 50,000; வருமான வரம்பு 8 லட்சம், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை. 40 சதவீதமோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கு சக்ஷம். ஒரே நேரத்தில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்பதால் தொகை கூடியதற்கு முதலில் போடுங்கள். இவற்றில் மனு தள்ளுபடியாக நான் அதிகம் பார்த்த காரணங்கள் இரண்டு: பழைய வருமானச் சான்றிதழ், ஆதாரோடு இணைக்காத வங்கிக் கணக்கு. இ-சேவை மையத்தில் கூட்டம் சேர்வதற்கு முன் ஜூனிலேயே வருமானச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். அதில் பிள்ளையின் பெயர் மார்க் ஷீட்டில் இருக்கிற அதே எழுத்தில், அதே இனிஷியலோடு இருக்கிறதா என்று கவுன்டரை விட்டு நகரும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.